மூவாயிரம் வெள்ளிக்குள்ளே

“அந்தக் கண்ணாடிப் பெட்டி வேணாம், புனிதா. லைட்டு எரியறத பாத்துக்கிட்டா நீ டிசைன் பண்ணப் போற?” என்றார் சுகுமாறன், கைபேசித் திரைக்குள்ளிருந்து.

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கணினிக் கடை. புனிதா கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். வீட்டுக் கூடத்தில், கட்டிலில் சாய்ந்திருந்த கணவரின் முகம் அதில் தெரிந்தது. நுரையீரலில் புற்று. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி ஒரு மாதமாகிறது.

துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மனிதர். கணினியை எப்படித் திறப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. புனிதா வேலை பார்த்த பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்தை மூடியதும், அவள் வீட்டிலிருந்தே டிசைன் செய்யப்போகிறாள் என்று முடிவு செய்தவர் அவர்தான். படுத்தபடியே யூடியூப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலி வரும்போதுகூட ஒரு கை கைபேசியை விடாது.

“அக்கா, இந்த செட்ல நல்ல கிராஃபிக் கார்ட் இருக்கு. கேம்கூட ஆடலாம் லா,” என்றார் விற்பனையாளர் யுகேந்திரன்.

“தம்பி, அவ கேம் ஆடமாட்டா. மசாலா பாக்கெட்டுக்கு லேபல் போடுவா. கார்டு அப்புறமா வாங்கிக்கலாம். ரேம் முப்பத்திரண்டு போடுங்க. மிச்சத்த ஸ்கிரீன்ல போடுங்க. கலர சரியா காட்டணும்.”

யுகேந்திரன் கைபேசிப் பக்கம் குனிந்தார். “அங்கிள் இந்த லைன்லயா இருக்கீங்க?”

“இப்பதான் சேந்தேன்.”

சிரிப்பு இருமலானது. படம் ஆடியது. பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்காவின் கை ஒரு தம்ளரோடு குறுக்கே வந்து போனது. தண்ணீர் குடித்துவிட்டுச் சுகுமாறன் மறுபடியும் முகத்தைக் காட்டினார். “சரி, மூவாயிரம் வெள்ளிக்குள்ள முடிங்க.”

சாதாரணக் கறுப்புப் பெட்டிக்கு மாற்றியதும் விலை அதற்குள் வந்துவிட்டது. வாடகைக் காரில் திரைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் புனிதா. சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

வீட்டில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். எந்த வயர் எங்கே என்று கட்டிலிலிருந்தே சொன்னார். திரை எரிந்ததும் புனிதா மிளகாய்த்தூள் லேபலைத் திறந்தாள். பழைய மடிக்கணினியில் செங்கல் நிறமாகக் கிடந்த மிளகாய்ப் படம், இப்போது பளீரென்று சிவந்து நின்றது.

“இதான் நான் போட்ட செவப்பு. இத்தன நாளா எனக்கே தெரியல, பாருங்க,” என்றாள்.

“இந்தப் பக்கம் திருப்பு.” வெகுநேரம் பார்த்தார். “காம்புக்குக் கீழ மஞ்ச கூடிப்போச்சு.”

அவர் சொன்னது சரிதான். புனிதா உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். தங்கமணி அக்கா சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போனார். முன்பெல்லாம் ஒரு நிறத்தை மாற்றிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். இப்போது விரலை எடுக்குமுன் மாறிவிட்டது.

“ஏங்க, மஞ்சத்தூள் லேபலையும் இன்னைக்கே முடிச்சிடறேன்.”

“ம்.”

“ராஜம்மா அக்கா மசாலாக் கடைக்கு நாளைக்கே அனுப்பிடலாம். அவங்க இன்னும் ரெண்டு பேர சொல்றேன்னாங்க.”

“ம்.”

“இப்ப பாருங்க, காம்புக்குக் கீழ மஞ்ச சரியா இருக்கா?”

திரும்பினாள். அவர் முகம் திரையின் பக்கமே இருந்தது. கூப்பிட்டாள். கையைத் தொட்டாள். அவர் மார்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு வாசலுக்குப் போய்த் தங்கமணி அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். திறந்திருந்த இமைகளை விரலால் மூடினார். வெளியே யாரோ மோட்டார்சைக்கிளை நிறுத்தினார்கள்.

“நான் எல்லாருக்கும் போன் பண்றேன். கூடத்த ஒழிக்கணும், புனிதா. அந்தக் கம்ப்யூட்டர அடைச்சிடு.”

புனிதா உட்கார்ந்தாள். மூடப்போனபோது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. அவள் அந்தக் கேள்வியை விலக்கிவிட்டு, காம்புக்குக் கீழே இன்னும் கொஞ்சம் மஞ்சளைக் குறைத்தாள். பிறகு சேமித்தாள்.