மூடியை மூடியது யார்?

சர்ச்சிலிருந்து திரும்பிய கிரேஸ், செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

ஸ்லோ குக்கரின் மூடி, சிக்கென்று மூடியிருந்தது!

போகும்போது அவள் அப்படி விட்டுவிட்டுப் போகவில்லை. பானையின் விளிம்பில் மரக்கரண்டியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் மூடியைச் சாய்த்து, ஆவி வெளியேற விரலளவு சந்து விட்டிருந்தாள். இப்போது அந்த மரக்கரண்டி கழுவித் துடைத்து ஆணியில் தொங்கியது. மூடியின் தலைமேல் இஞ்சி தட்டுகிற கல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர்.

"யோவ் பென்னி!"

கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து வந்தான் அவள் கணவன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியதிலிருந்து பென்னி எதற்கும் அவசரப்படுவதில்லை.

"இன்னாமே, ஜெபம் பண்ணிட்டு வந்தவொடனே இப்புடி கத்துற?"

"மூடிய யாருய்யா மூடனது?"

"நான்தான். தொறந்து போட்டுட்டு போய்க்கீற. மேல பாரு, டியூப்லைட்டாண்ட பல்லி குந்திகினு கீது. உள்ள வுயுந்தா இன்னா ஆவும்?"

"கரண்டி வச்சிருந்தேனே, அது எதுக்குன்னு யோசிக்க மாட்டியா?"

"நீ மறந்து வச்சிட்டன்னு நெனச்சேன். கழுவி வச்சேன். அதுக்கும் திட்டா?"

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பென்னி ப்ரஸ் ஷாப் ஆள். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தகடு அடிக்கிற ப்ரஸ் மெஷினின் பாதுகாப்பு மூடி திறந்திருந்தால் மெஷினே ஓடாது. ஓடினால் விரல் இருக்காது. திறந்து கிடப்பது எதுவானாலும் அவன் கை தானாகப் போய் மூடிவிடும். அந்த ஸ்லோ குக்கரே கம்பெனியின் பாதுகாப்பு வாரப் போட்டியில் அவன் வாங்கிய முதல் பரிசுதான். கரன்ட்டில் ஓடுகிற பானை. பருப்பு வேகவே அரை நாள் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. அட்டைப்பெட்டியோடு பரணில் தூங்கிக்கொண்டிருந்ததை நேற்றுதான் கிரேஸ் இறக்கினாள்.

கல்லைத் தூக்கி, மூடியைத் திறந்து, கரண்டியால் கிளறினாள். மொறுமொறுவென்று உதிர வேண்டிய ஓட்ஸும் வேர்க்கடலையும் எள்ளும் வெல்லப்பாகில் ஊறி, சர்க்கரைப் பொங்கலைப் போல சொதசொதவென்று புரண்டன. டாக்டர் சொன்னார் என்று பென்னிக்கு வாங்கி, அவன் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்ததால் மிஞ்சிய ஓட்ஸ் அத்தனையும் அந்தப் பானைக்குள்தான். கடைக்கு ஓடலாமென்றால், இந்த எளாவூர் கடைகளில் ஓட்ஸ் கேட்டால் குதிரைக்கா என்பார்கள்.

கிரேஸ் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு லோகு அண்ணனுக்கு இன்னாய்யா குடுப்பேன்?"

பென்னியின் முகம் மாறியது. "இது... லோகுவுக்கா?"

"பின்ன? உனக்கா?"

லோகு, அவர்கள் இருவரும் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவர். அந்த விடியற்காலையில், பஸ் ஏறி உட்கார்ந்த பென்னி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிரேஸின் மடியில் சரிந்தபோது, ஹைவேயில் லாரிகள் கண்ணுக்கெட்டிய மட்டும் தேங்கி நின்றன. ஆம்புலன்ஸ் அந்த நெரிசலுக்கு அப்பால் எங்கேயோ. லோகு ஸ்டியரிங்கை ஒடித்தான். ஐம்பது சீட் பஸ் ஏரிக்கரை மண்பாதையில் இறங்கியது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்வேலி. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். டாக்டர் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வியே, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அவ்வளவுதான். யாருங்க வண்டி ஓட்டினது?"

அந்த லோகுவுக்கு நாளையோடு இந்த ரூட் முடிகிறது. அப்புறம் ஆந்திரா பக்கம், தடாவில் வேறு கம்பெனி.

அவனுக்கு நன்றி சொல்வதுதான் பெரும் பாடு. பிரியாணி கொண்டுபோனாள். "இன்னாம்மா, நான் இன்னா உங்கூட்டு மாப்ளையா?" என்று சிரித்துத் திருப்பி அனுப்பினான். சட்டை எடுத்துக்கொண்டு போனாள். "அளவு பத்தாது" என்றான், பிரித்தே பார்க்காமல். ஆனால் ஒருமுறை, கம்பெனிக்கு வந்து தன் நாடு திரும்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் கொடுத்த, கிரனோலா என்கிற வறுத்த ஓட்ஸ் பாக்கெட்டைத் தின்றுவிட்டு, ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தான். "ஃபாரின் பொரிம்மா! ரயில்வே கேட்டாண்ட நிக்கும்போது ஒத்தக் கையில சாப்டலாம், கையில ஒட்டாது. நமக்குன்னே செஞ்சிகீறான்!"

இதை மட்டும் அவன் வேண்டாமென்று சொல்ல மாட்டான். தோழி சோனியா போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து, அடுப்பில் தீயாமல் இருக்க இந்தச் சோம்பேறிப் பானையை இறக்கினாள். இப்போது அதுவும் போச்சு.

பென்னி கொஞ்ச நேரம் பானையையே பார்த்தான். அப்புறம் பல்லியைப் பார்த்தான்.

"ஆவி வெளிய போவணும். பல்லி உள்ள போவக் கூடாது. அவ்ளோதானே?"

"ஆமா, பெரிய சயின்டிஸ்டு."

"கம்பெனில ஃபேனுக்கு இன்னா போட்டுகீறோம்? தகரத்த போட்டா மூடுனோம்? வலை! காத்து போவும், கை போவாது."

அலமாரியைத் துழாவி, மாவு சலிக்கிற சல்லடையை எடுத்தான். பானைமேல் கவிழ்த்தான். அளவெடுத்துச் செய்தது போலக் கச்சிதமாக உட்கார்ந்தது. குக்கரின் திருகுக் குமிழை 'ஹை'யில் வைத்தான். சல்லடைக் கண்களில் புகை போல ஆவி கிளம்பியது.

"நீ போய் படுமே. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே!"

அன்று மாலை வரை இருவரும் அடுப்படியை விட்டு நகரவில்லை. கிளறுவது அவள் வேலை, சல்லடையைத் தூக்கிப் பிடிப்பது அவன் வேலை. பல்லி இரண்டு தரம் இறங்கி வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனது. பொழுது சாய்கையில் வாசனை மாறியது. வறுத்த எள்ளும் வெல்லமும் கலந்த வாசனை. தாம்பாளத்தில் கொட்டி ஆறவைத்தாள்.

ஆனால் வீடியோவில் வந்தது போல உதிரி உதிரியாக இல்லை. கட்டி கட்டியாக இறுகியிருந்தது. பென்னி ஒன்றை எடுத்துக் கடித்தான். கடக்!

"தோ! ஓட்ஸ் நான் சாப்ட்டுட்டேன்" என்றான். கிரேஸுக்குச் சிரிப்பு வந்தாலும் கவலை தீரவில்லை.

மறுநாள் காலை. ரயில்வே கேட் போட்டிருந்தது. பஸ் நின்றதும் முன் சீட்டிலிருந்து கிரேஸ் டப்பாவை நீட்டினாள்.

"மறுபடியுமா? உன்னோட பேஜாரும்மா..." என்ற லோகு, மூடியைத் திறந்ததும் நிறுத்தினான். ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டான். எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது, கடக்.

"நைனா! அந்த ஃபாரின்காரனுது உதிரி, பாதி மடியிலயே கொட்டிக்கினே இருக்கும். இது கல்லு மாதிரி நிக்குதே! யாரு குடுத்த ஐடியா?"

"எங்கூட்டுக்காரருதான். தப்பா மூடி வச்சிட்டாரு" என்றாள். "அண்ணா... அன்னிக்கு நீ மட்டும்..."

"மொதல்ல இத ரொப்பு" என்று சட்டைப் பையை விரித்துக் காட்டினான் லோகு. பை நிறைந்ததும் டப்பாவைப் பின்னால் தள்ளினான். "மீதிய பின்னாடி குந்திகீறவங்களுக்குக் குடும்மா. நான் ஓட்னேன், அவ்ளோதான். ஷிஃப்ட் போச்சேன்னு ஒருத்தராவது அன்னிக்கு மூச்சு வுட்டாங்களா?"

கிரேஸ் திரும்பிப் பார்த்தாள். ஜோஷ்வா, சோனியா, பாக்கியநாதன், தூங்கி வழிகிற ஜெபா. அன்றைக்கு இவர்கள்தான் பென்னியின் காலைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். சீட் சீட்டாக டப்பா போனது. கூட்ஸ் வண்டி கடக்கிற வரைக்கும் பஸ் முழுக்க ஒரே கடக் முடக்.

காலி டப்பா முன்னால் வந்து சேர்ந்தபோது கேட் திறந்தது. லோகு அதைச் சட்டென்று திருப்பித் தரவில்லை.

"வெறும் டப்பா குடுக்கக் கூடாதும்மா" என்று சுற்றுமுற்றும் தேடினான். கண்ணாடிக்கு முன்னால் சாமிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளே போட்டு மூடினான்.

"பென்னிக்கு ஜூஸ் போட்டுக் குடு. சக்கரை கம்மியா."

கியர் விழுந்தது. டப்பாவுக்குள் எலுமிச்சம்பழம் உருள, கிரேஸ் அதை மடியில் அணைத்துக்கொண்டாள்.