ஒன்பதுக்கு அடங்காத நாற்பத்துநான்கு

1

கலீர்!

கடைக்கார ரஷீதா வளையல் கூடையைக் கண்ணாடி மேசைமேல் இறக்கிய சத்தம். இந்தக் கதை எனக்குச் சத்தமாகத்தான் கிடைத்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம், திருச்சி பெரிய கடைவீதியில், சீப்பு வாங்கப் போன இடத்தில். மிச்சமெல்லாம் என் கற்பனை.

"ஏண்டி செல்லக்கிளி, பச்சையில நாப்பத்திநாலு எங்கே?"

கடையில் வளையல் கட்டும் செல்லக்கிளிக்குப் பூமி பிள...

(இல்லை. வாயில் கடித்திருந்த நூல் விழுந்தது, அவ்வளவுதான்.)

2

காலையில் ரஷீதா, "பச்சை எத்தனை இருக்கு?" என்று கேட்டிருந்தாள். செல்லக்கிளியின் பல்லில் நூல், பேச முடியாது. வழக்கம்போலக் கையால் சொன்னாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுப்போனால் ஒரு கைக்குப் பன்னிரண்டு. வலக்கை உதிரி, இடக்கை டஜன். [உங்கள் கையிலும் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.]

ரஷீதா கண்டது ஏழு டஜன் மூன்று, அதாவது எண்பத்தேழு. ஸ்ரீரங்கத்தில் வளைகாப்பு வீட்டாரிடம் அதையே சொல்லிக் கூடையைத் திறந்தால், நாற்பத்துமூன்று! கூடை திரும்பிவிட்டது.

3

"கை மாறி எண்ணியிருப்பீங்கக்கா."

"அதையும் பாத்தாச்சு. இலக்கம் இடம் மாறினா வித்தியாசம் ஒன்பதுல வகுபடும்னு எங்க அத்தா சொல்லிக் கொடுத்திருக்காங்க. நாப்பத்திநாலு வகுபடலையே! அப்ப களவுதானே?"

"என் சோத்துத் தூக்கைக் கவுத்துப் பாருங்க. மோர்தான் ஊத்தும்."

"வாய் மட்டும் குறைச்சலில்லை. நாளைலேருந்து வராதே!"

4

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அலமாரிக்குப் பின்னால் வளையல்கள் கிடைத்தன. இன்னொன்றில் செல்லக்கிளி அழுதுகொண்டே அரியமங்கலம் பஸ் ஏறினாள். இரண்டும் பிடிக்கவில்லை. எழுதுவதை விட்டுவிட்டு விரல்களை நகர்த்திப் பார்த்தேன். காகிதத்தில் பத்துக்கு ஒரு இடம் ஏறுகிறோம். அதனால் அங்கே பத்துக்கு ஒன்று குறைந்த ஒன்பது காவல். விரலில் பன்னிரண்டுக்கல்லவா ஏறுகிறோம்?

எனக்குத் தெரிந்து என்ன பயன்? ரஷீதாவுக்கல்லவா தெரிய வேண்டும்! கடைக்குள் நான் போக முடியாது. செல்லக்கிளியின் கைகளைத்தான் தூக்க வைக்க முடியும்.

5

"காலைல காட்டினதையே காட்டறேன். பாருங்க."

மேசைக்கு உள்ளே, அவள் பக்கத்தில் நின்று ரஷீதா பார்த்தாள். மூன்று டஜன் ஏழு.

"ஏழு டஜன்ல காட்டினே?"

"நீங்க எங்கே நின்னீங்க?"

ரஷீதா மெல்ல வெளியே போய், காலையில் வழக்கத்துக்கு மாறாக நின்ற வாசல்படியில் நின்றாள். எதிரிலிருந்து பார்க்க, செல்லக்கிளியின் வலக்கை அவளுக்கு இடப்பக்கம். ஏழு டஜன் மூன்று.

"யா அல்லாஹ்... உதிரி ஒண்ணு டஜன் பக்கம் போனா, ஒண்ணு பன்னிரண்டாயிடுது. பதினொண்ணு கூடுது." அவள் கட்டைவிரல் கணுக்களில் ஓடியது. "மூணுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் நாலு. நாலு பதினொண்ணு... நாப்பத்திநாலு! களவே இல்லடி!"

6

செல்லக்கிளி தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ரஷீதா மன்னிப்புக் கேட்டாளா, ஸ்ரீரங்கத்துக்குப் பச்சைக்குப் பதில் சிவப்பு வளையல் போயிற்றா, எதையும் நான் எழுதப்போவதில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். படியில் திரும்பி நின்று அவள் சொன்னதை மட்டும் தருகிறேன்:

"அக்கா, நாளைக்கு எதிர்ல நின்னு கேக்காதீங்க. உள்ளே வந்து பக்கத்துல நில்லுங்க."