சிவப்புத் திருகு

"பிங்க் வந்துடுச்சு!" என்று ஆர்டிஸ் குளியலறையிலிருந்து கத்தினாள்.

"எப்படி வருது? வெளிறிப்போயா, நல்லாவா?" கட்டிலுக்கு அடியிலிருந்து டெல்மரின் குரல் வந்தது.

"உன் மூக்கு மாதிரி நல்லா செவந்துதான் வருது. மூடட்டுமா?"

"மூடு மூடு. வீணாக்காத."

அக்டோபர் கடைசி. மினசோட்டாவில் குளிர் இறங்குவதற்குள் வீட்டு வண்டிக்குச் செய்தே ஆக வேண்டிய வேலை அது. குழாய்களில் தங்கிய தண்ணீரைத் துரத்திவிட்டு, எந்தக் குளிரிலும் உறையாத அந்த ரோஜா நிறத் திரவத்தை ஏற்ற வேண்டும். தண்ணீர் தங்கினால் உறைந்து, வீங்கி, குழாயைப் பிளந்துவிடும். டெல்மர் கட்டிலுக்கு அடியில் பம்பின் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொள்வார். ஆர்டிஸ் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, நிறம் வந்ததும் குரல் கொடுப்பாள். இந்த வேலைக்கு ஆள் இரண்டு வேண்டும். வண்டி வாங்கிய காலத்திலிருந்து அந்த இரண்டு பேர் புருசனும் பெண்டாட்டியுமான இவர்கள்தான்.

வண்டி எழுபதுகளில் செய்தது. லாரியின் முதுகில் ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வைத்தது போல இருக்கும். உள்ளே அடுப்பு, கட்டில், சாப்பாட்டு மேசை, ஆள் நின்று திரும்ப முடியாத குளியலறை. அவர்கள் வாங்கியபோது அது ஒரு பண்ணையின் பின்புறம் கோழிகளுக்கு வீடாக இருந்தது. கூரையை டெல்மர் மாற்றினார். திரைச்சீலைகளை ஆர்டிஸ் தைத்தாள். மற்றதையெல்லாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே செய்தார்கள்.

டெல்மர் தவழ்ந்து வெளியே வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சமையல் குழாயின் இரண்டு திருகுகளையும் திறந்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது ஒண்ணுதான் பாக்கி. காபி குடிச்சிட்டு வந்து முடிச்சிடலாம். முட்டி ரெண்டும் செத்துப்போச்சு."

"அப்படியே அந்தச் சிவப்பையும் சரி பண்ணிடேன்."

"வர்ற வசந்தத்துல."

"போன வருசமும் இதே வசந்தத்ததான் சொன்ன."

"வசந்தம் வருசா வருசம் வருது இல்ல? அப்புறம் என்ன அவசரம்?"

அந்தக் குழாயில் சிவப்புத் திருகைத் திருப்பினால் குளிர்ந்த நீர் வரும், நீலத்தில் வெந்நீர் வரும். பழைய கீசர் ஓட்டையானபோது கட்டிலுக்கு அடியில் புதியதை வைத்தவர் டெல்மர்தான். அங்கிருந்து கிளம்பும் வெந்நீர்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டார். குளியலறைக் குழாயில் நிறமே கிடையாது, அதனால் அங்கே வம்பில்லை. சமையல் குழாயில் மட்டும் வருகிறவர்கள் எல்லாரும் கையைச் சுட்டுக்கொள்வார்கள். "எங்க வண்டிக்குக் கொஞ்சம் நிறக்குருடு" என்பார் டெல்மர்.

வீட்டுக்குள் போனார்கள். ஆர்டிஸ் காபி ஊற்றினாள். அவர் பாதிக் கோப்பை குடித்தார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார், சிந்தாமல். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையிலிருந்து ஆர்டிஸ் தனியாகத் திரும்பி வந்தாள்.

சமையல் குழாய் பாக்கி இருப்பது அந்தக் குளிர்காலம் முழுவதும் யார் நினைவுக்கும் வரவில்லை.

*

பனி உருகியபோது மகன் கிரெய்க் நகரத்திலிருந்து வந்தான். சாக்கடையை அடைத்திருந்த இலைகளை வாரினான், கராஜைப் பெருக்கினான், கடைசியில் வண்டியின் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, இத வெலைக்குக் கேட்டு ஒரு ஜோடி வந்திருக்காங்க. சின்ன வயசு. நல்லா வெச்சுப்பாங்க."

"நானும் நல்லாத்தான் வெச்சிருக்கேன்."

"நீ வெச்சிருக்க, சரி. ஓட்டினது யாரு? ரிப்பேர் பாத்தது யாரு?"

"பாதி நான்."

"எந்தப் பாதி?"

ஆர்டிஸுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. முகத்தில் கவலைதான் இருந்தது. எங்கேயோ ஒரு சாலையோரத்தில், புகை கக்கும் வண்டிக்குப் பக்கத்தில் அம்மா தனியாக நிற்பதை அவன் ஏற்கெனவே மனதில் பார்த்துவிட்டான்.

"ஜூன்ல பழைய வண்டிக்காரங்களோட ஏரிக்கரைக் கூட்டம் வருது" என்றாள். "நானே ரிப்பேர் பாத்து, நானே ஓட்டிக்கிட்டுப் போறேன். போய்ச் சேந்துட்டா வண்டி இங்கயே இருக்கும். முடியலைன்னா அந்தப் பிள்ளைங்களக் கூப்பிட்டுச் சாவியக் குடுத்துடு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீயா? ஒரு வார்த்தை பேச மாட்டியா?"

"ரெண்டு வார்த்தை பேசுவேன். அதுக்கு மேல இல்ல."

அவன் சிரித்துவிட்டான். கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தொட்டியில் தண்ணீர் நிரப்பி பம்பைப் போட்டாள். குழாய்கள் நிறைந்து அழுத்தம் ஏறியதும் பம்பு தானாக நிற்க வேண்டும். அது நிற்கவில்லை, உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. ஆர்டிஸ் காது கொடுத்துக் கேட்டாள். சமையல் மேடைக்குக் கீழிருந்து மழை பெய்கிற சத்தம் வந்தது.

ஓடிப்போய்ப் பம்பை அணைத்துவிட்டு அலமாரிக் கதவைத் திறந்தாள். பழைய சாம்பல் நிறக் குழாய்கள் இரண்டும் நீளவாக்கில் வெடித்து வாய் பிளந்திருந்தன. மேலே இருந்த பித்தளைக் குழாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. டெல்மர் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே உறைந்த நீருக்கு வீங்க இடம் இருந்தது.

ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது ஒண்ணுதான் பாக்கி. இறுதிச் சடங்கில்கூட அழாத அழுகை அப்போது வந்தது. அழுது முடித்தபோது பாவாடை முழுக்க நனைந்திருந்தது. எழுந்து துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினாள். ஊறவிட்டால் தரைப்பலகை போய்விடும்.

*

லவான் மூன்று வீடு தள்ளி இருந்தாள். அவளிடமும் ஒரு பழைய வண்டி உண்டு. ஆர்டிஸின் வண்டியைவிட இளையது, ஓட்டையும் அதிகம். வெடித்த குழாய்த் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தச் சாம்பல் சனியன ஒட்டுப்போடாத. ஒரு எடத்துல ஒட்டினா அடுத்த எடத்துல வெடிக்கும். மொத்தமா அறுத்துப் போட்டுட்டுப் புதுசு இழுத்துடு."

"எனக்குத் தெரியாதே லவான்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா பொறந்தேன்? என் வண்டியில தண்ணி ஊத்தாத எடம் எதுன்னு நீதான் சொல்லேன். அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

ஹார்டுவேர் கடையில் சிவப்புக் குழாய்ச் சுருள் ஒன்று, நீலக் குழாய்ச் சுருள் ஒன்று, ஒரு பை செம்பு வளையம், வளையத்தை நெரிக்கும் நீளக் கைப்பிடி இடுக்கி எல்லாம் வாங்கி வந்தார்கள். வேலை பார்வைக்குச் சுலபம். குழாயை அளவாக வெட்டி, மூட்டுக்குள் செருகி, மேலே வளையத்தை வைத்து இடுக்கியால் நெரித்தால் முடிந்தது. ஆர்டிஸ் அலமாரிக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்து, முதல் குழாயை மூட்டில் செருகினாள். கெட்டியாக உட்கார்ந்தது. பெருமையாக வெளியே கை நீட்டினாள்.

"வளையத்தக் குடு."

லவான் கொடுக்கவில்லை.

"என்னடி?"

"வளையத்த எப்படி மாட்டப்போற? குழாயோட அந்த முனையிலேர்ந்தா? அது கட்டிலுக்கு அடியில இல்ல இருக்கு."

வளையத்தை முதலில் குழாயில் கோத்துக்கொண்டுதான் குழாயைச் செருக வேண்டும். ஆர்டிஸ் அலமாரிக்குள்ளேயே தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். லவான் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள்.

"எல்லாரும் பண்றதுதான். உன் புருசன் எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டான், சொல்லக் கூடாதுன்னு. என் வண்டியில ரெண்டு தடவ பண்ணான்."

"டெல்மரா?"

"டெல்மர்தான். ரெண்டாவது தடவ என்னையே திட்டினான், நான் பேச்சுக் குடுத்து மறக்க வெச்சுட்டேன்னு."

செருகிய குழாயைப் பிடுங்க முடியவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை எதையும் தொடுவதற்கு முன்னால் "வளையம்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் குழாய்கள் சமையல் மேடை வரை வந்துவிட்டன. கடைசி இரண்டு மூட்டுகளில் கை தயங்கியது.

"இங்க மாத்திப் பூட்டினா சிவப்புல வெந்நீர் வரும் இல்ல?" என்றாள்.

"வரும். கட்டிலுக்கு அடியில போய் முதுகை ஒடிச்சுக்க வேணாம். இங்கயே குறுக்க மாத்திடு."

டெல்மர் ஒவ்வொரு வசந்தத்துக்கும் தள்ளிப்போட்ட வேலை. ஆர்டிஸ் வளையத்தைக் கோத்தாள், குறுக்கே மாற்றினாள், நெரித்தாள்.

பம்பைப் போட்டார்கள். உர்ரென்று ஓடி, திணறி, நின்றது. அந்த நிசப்தத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீசரைப் பற்றவைத்து, சூடேறியதும் ஆர்டிஸ் சிவப்பைத் திருப்பினாள். வெந்நீர். கையை அதில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். சரியாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்றைக் கழுவித் துடைத்துவிட்டது போலவும் இருந்தது.

*

ஜூனில் அவளே ஓட்டிக்கொண்டு போனாள். கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி எழுப்ப வேண்டியிருந்தது. மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஆர்டிஸ் கண்ணாடியைப் பார்த்து, "எனக்கும் அவசரம்தான்ப்பா, இவளுக்கு இல்ல" என்றாள். பக்கத்து இருக்கையில் பழக்கத்தினால் மடித்து வைத்த சாலை வரைபடம் மட்டும் இருந்தது. வழி அவளுக்குத் தெரியும். எப்போதும் வரைபடத்தைப் படித்தவள் அவள்தான்.

ஏரிக்கரையில் பழைய வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னாலேயே வந்துவிட்ட லவான், இரண்டு கையையும் ஆட்டி அவளைப் பின்னோக்கி வரச் சொன்னாள். முதல் முறை மரத்தை நோக்கிப் போனது, இரண்டாம் முறை லவானை நோக்கிப் போனது. மூன்றாம் முறை இடத்தில் நின்றது. யாரும் கைதட்டவில்லை. அங்கே அதெல்லாம் வழக்கமில்லை. பக்கத்து வண்டிக்காரர் ஆர்வில் மட்டும் தொப்பியைத் தூக்கி, "மோசமில்ல" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

கிரெய்க்குக்கு போன் செய்தாள்.

"வந்துட்டேன்."

"வழியில நின்னுச்சா?"

"சாப்பிடறதுக்கு நின்னேன். வண்டி நிக்கல."

"சரி. அந்தப் பசங்ககிட்ட இல்லன்னு சொல்லிடறேன்" என்றான். பிறகு, "சனிக்கிழமை நான் குழந்தைங்களக் கூட்டிக்கிட்டு வரட்டா?" என்றான்.

"வாயேன். கட்டில் சின்னது. நீ வெளிய படுத்துக்கோ."

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் எல்லாரும் கரையில் கூடிக் காபி குடிக்கும் நேரத்தில் எல்லா வண்டிகளின் கதவும் திறந்தே இருக்கும். யாரும் எதிலும் ஏறிப் பார்க்கலாம். கண்ணில் பட்ட சின்னப் பழுதைக் கேட்காமலே சரிசெய்யலாம். ஆனால் செய்தவர் செய்தேன் என்று சொல்லக் கூடாது. வண்டிக்காரர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். டெல்மர் இதில் பேர் போனவர். ஊர் திரும்பிய பிறகுதான் பலருக்கு அலமாரிக் கதவு ஆடாமல் நிற்பது தெரியவரும்.

மறுநாள் காபி முடிந்து, ஆர்டிஸ் கோப்பைகளைக் கழுவ வண்டிக்குள் வந்தாள். சிவப்பைத் திருப்பினாள்.

குளிர்ந்த நீர் வந்தது.

கீசர் அணைந்துவிட்டதோ என்று நினைத்து நீலத்தைத் திருப்பினாள். கையைச் சுட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். பின்னால் திரும்பினால் துண்டால் கையைத் துடைத்தபடி அவர் நிற்பார் என்று, ஒரு மூச்சு விடும் நேரம், உண்மையாகவே நினைத்தாள்.

பிறகு முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கீசர் பக்கத்திலிருந்து கிளம்பும் இரண்டு குழாய்களையும் யாரோ கழற்றி இடம் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். பளபளவென்று புது மூட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பச்சை நாடா அழகாகச் சுற்றியிருந்தது. பச்சை நாடா இல்லாமல் ஆர்வில் எந்த வேலையையும் முடித்ததில்லை. நீலத் திருகில் எத்தனையோ ஜூன்களாகக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். டெல்மர் பாக்கி வைத்த ஒரே வேலையை, டெல்மருக்காக, அந்தப் பெரிய உடம்பைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்து முடித்திருக்கிறார். அவள் சமையல் மேடையில் ஏற்கெனவே மாற்றிவிட்டது அவருக்குத் தெரியாது. அங்கே ஒரு குறுக்கு, இங்கே ஒரு குறுக்கு.

ஆர்டிஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வண்டி ஆடும் அளவுக்குச் சிரித்தாள்.

வெளியே வந்தபோது ஆர்வில் பக்கத்தில் எதையோ தேடுவது போலப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை முழங்கையில் கட்டிலடித் தூசி.

"என்ன, உள்ள ஒரே சிரிப்பா இருக்கு?"

"சும்மாதான் ஆர்வில். பாத்திரம் கழுவினேன்."

"தண்ணியெல்லாம் நல்லா வருதா?"

"பிரமாதமா வருது" என்றாள். "நீங்க ஏன் இன்னும் காபி குடிக்கல? வாங்க, உள்ள கேக் இருக்கு."

அவர் முகம் மலர்ந்து, அதை மறைக்கத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். இடுக்கி அவளுடைய பெட்டியில் இருந்தது. வளையங்களும் மீதி இருந்தன. மாற்ற அரை மணிகூட ஆகாது. கிரெய்க்கின் குழந்தைகள் வருவதற்குள் செய்துவிடலாம்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். சின்னவள் ஏறியதும் ஏறாததுமாகக் கை கழுவ ஓடினாள்.

"இரு, இரு" என்று ஆர்டிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இந்த வண்டிக்குக் கொஞ்சம் நிறக்குருடு."

அந்தக் குழாயில் சிவப்புத் திருகைத் திருப்பினால் குளிர்ந்த நீர்தான் வரும்.