நான்கு டிஸ்குக்கும் தடவிய கிரீஸ்

சிப்பிகள் அப்பிய கடலடிப் பாறைத்திட்டான சிப்பிப் பாரில் மூன்று வருடமாக எடுத்த வீடியோக்கள் அத்தனையும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருந்தன. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். ஒன்று படுத்தால் மற்ற மூன்றும் தாங்கும். இரண்டு படுத்தால் எல்லாம் போச்சு. திங்கட்கிழமை ஒன்று படுத்தது. ஆராய்ச்சி மாணவி ஜெயபிரியா புதிது வாங்கி மாட்டினாள். படுத்த டிஸ்கில் இருந்ததைப் பெட்டி அதில் மறுபடி எழுதி முடிப்பதற்குள் இன்னொன்றும் சிவப்பு விளக்கைக் காட்டியது. ‘புதிதாகத் தொடங்கவா?’ என்று திரை மரியாதையாகக் கேட்டது. சரி என்றால் மிச்சமும் அழிந்துவிடும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

“மேடம், அதத் தொட்ராதீங்க” என்றபடியே உள்ளே வந்தான் வேல்ராஜ், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். டிஸ்குகளுக்கு எண் எழுதி ஒவ்வொன்றாக உருவினான். பின்பக்கத்துப் பற்களைத் தொட்டுப் பார்த்து விரலை முகர்ந்தான்.

“இதுல யாரு கிரீஸ் தடவுனது?”

“நாந்தான்” என்றார் டேவிட்சன். திரேஸ்புரத்துக்காரர், அந்த வீடியோக்களை முழுகி எடுத்தவர். “சனிக்கிழம தொடைக்கும்போது தடவுனேன். வள்ளத்து பேட்டரிக்குத் தடவாம விட்டா உப்புக்காத்து தின்னுரும்லா? உள்ள சொருகுத எடத்துக்கும் தடவிருக்கேன்.” பெருமையாகத்தான் சொன்னார்.

“அது பெரிய கரண்டு அண்ணாச்சி. இங்க ஓடுதது துளிபோல. கிரீஸ் குறுக்க நின்னா விட்டு விட்டுத்தான் வரும். டிஸ்க் கெடல, தொடுப்புதான் கெட்டிருக்கு.”

டேவிட்சனின் முகம் செத்துவிட்டது. “போனா என்ன மேடம், நான் மறுபடி முழுகுதேன்.”

“எங்கன முழுகுவீங்க?” என்றாள் ஜெயபிரியா.

போன வருடப் புயலில் அந்தப் பாரை மணல் மூடிவிட்டது. வந்து சொன்னதே அவர்தான். ஜெயபிரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

வேல்ராஜ் ஸ்பிரிட்டும் பிரஷுமாக ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். பழைய வரிசையிலேயே மாட்டி சுவிட்சைப் போட்டான். பழைய டிஸ்க் மூன்றும் எழுந்தன. மூன்று போதும். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. உயிர் வந்த மாதிரி இருந்தது ஜெயபிரியாவுக்கு.

வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி நகலெடுக்க விட்டுவிட்டு வேல்ராஜ் கேட்டான்: “இதுக்கு இன்னொரு காப்பி எங்க வச்சிருக்கீங்க மேடம்?”

வேறெங்கும் இல்லை. நான்கு டிஸ்க் இருக்கிறதே என்று மூன்று வருடம் நிம்மதியாகத் தூங்கியவள் அவள்.

டேவிட்சன் கதவோரம் நின்றிருந்தார். திட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தார்.

“உக்காருங்கண்ணே” என்றாள். “நீங்களாவது அது கெடக்கூடாதுன்னு என்னமோ செஞ்சீங்க. நான் ஒண்ணுமே செய்யல.”