ஆலை நேரத்துப் பிள்ளை

ஹெப்சிபா கிரெய்ன் ஐந்து வருடம் கர்ப்பமாக இருந்தாள். ஆல்டர் ஃபால்ஸில் யாரும் இதை நோய் என்று நினைக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். பருத்தி ஆலை முதலாளி ஒபதியா தார்ன், ஆலைக் கடிகாரத்தை ஒரு சிறு நீர்ச்சக்கரத்தோடு இணைத்து, அதற்குப் போகும் தண்ணீரை மதகு வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். முள் ஊர்ந்தது, வேலை முடியும் மணி எளிதில் அடிக்கவில்லை. இதற்குக் காப்புரிமை வாங்கிச் சான்றிதழைத் தேவாலயத்தில் மாட்டினார். பாதிரியார் அதற்கு ஜெபமும் செய்தார். சொந்தக் கடிகாரத்தோடு ஆலைக்குள் நுழையக் கூடாது. வெளியே ஐந்து குளிர்காலம் போனபோது உள்ளே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை சூரியக் கணக்கில் வளர்ந்தது. பிறக்கும் நாள் மட்டும் ஆலைக் கணக்கில் இருந்தது. வயிற்றுக்குள்ளேயே அதற்குப் பல் முளைத்தது, தறிச் சத்தத்துக்கு ஏற்பக் குதித்தது. ஹெப்சிபா தறியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இன்னொரு குளிர்காலம் தாங்க மாட்டாள் என்றாள் மருத்துவச்சி.

ஹெப்சிபா தார்னிடம் போனாள். "ஐயா, ஒரு நாள் மட்டும் மதக முழுசாத் தொறந்து விடுங்க. பெத்துக்கறேன்."

"என்னம்மா அவசரம்? உன் பிள்ள என் கணப்புல சும்மாத்தானே குளிர்காயுது, நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்றார் தார்ன்.

தறிக்குத் திரும்பியவளைப் பார்த்துப் பக்கத்துத் தறிக்காரி பேஷன்ஸ் சிரித்தாள். "அந்தாளு பொண்டாட்டி மட்டும் ஒம்பதாம் மாசம் டாண்ணு பெத்துக்கறா. அவ வீட்டுக் கடிகாரம் பாஸ்டன்ல வாங்குனதாம்டி."

மார்ச்சில் பனி உருகி ஆறு பெருகியது. தார்ன் மதகை இறுக்கி மூடச் சொன்னார். ஹெப்சிபா தறியை நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் மதகைத் திறந்தாள். சக்கரம் சுழன்ற வேகத்தில் முள் கண்ணுக்குத் தெரியவில்லை. மணி விடாமல் அடித்தது, கடிகாரம் வெடிக்கும்வரை. மதகுக்குப் பக்கத்திலேயே பையன் பிறந்து, எழுந்து நின்றான்.

ஓடிவந்த தார்ன், குதிரை வாங்குபவரைப் போல அவன் வாயைத் திறந்து பல்லைத் தடவினார். "அஞ்சு வருஷம் ஆலையில இருந்திருக்கான், வேலை பழகியிருக்கும். நாளைக்கே வரட்டும்."

பையன் வாயை மூடினான். தார்னின் ஆள்காட்டி விரல் உள்ளேயே தங்கிவிட்டது. துப்பச் சொன்னாள் ஹெப்சிபா, துப்பினான். இருவரும் கைகோத்து வெளியே நடந்தார்கள், திரும்பி வரவில்லை.

வெடித்த கடிகாரத்தின் பல்சக்கரங்களை வைத்து தார்ன் ஒரு பித்தளை விரல் செய்து, அதற்கும் காப்புரிமை வாங்கினார். காலையில் மூக்கைச் சொறியத் தூக்கினால் சாயங்காலம்தான் போய்ச் சேரும். அதுவரை பக்கத்தில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள்.