வாழ்த்திவிட்டு நாட்டைக் கேட்கவும்

1

இந்தக் கதை ஒரு செருப்பிலிருந்து வந்தது. குழந்தை பெற்ற மூன்றாவது வாரமே என் நாத்தனார் வேலைக்குக் கிளம்பினாள். வீங்கிய காலில் செருப்பு ஏறவில்லை. வேறு நாட்டில் அதே வேலை பார்க்கும் என் தங்கையோ சம்பளத்தோடு ஒரு வருஷ விடுப்பில் இருந்துகொண்டு, “பொழுதே போகலக்கா” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. தங்கைமேல் இல்லை.

முதல் வரி: “மகப்பேறு விடுப்பும் ஊதியமும் நாட்டுக்கு நாடு...” சே, கட்டுரை வாடை. அடித்துவிட்டேன்.

2

அதனால் கதைக்கு ஒருத்தியைப் பிடித்தேன். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் கம்பெனி. எந்தக் கிளை ஊழியர் விடுப்பைப் பற்றிக் கேட்டாலும் ஃபோன் இவள் இருக்கும் கூடத்துக்குத்தான் வரும். உண்டாகியிருப்பதாக ஒரு பெண் சொன்னால் முதலில் வாழ்த்த வேண்டும். பிறகு நாட்டைக் கேட்டுத் திரையில் தட்டினால் பதில் வரும். ஒருத்திக்கு ஒரு வருஷம், முழுச் சம்பளம். இன்னொருத்திக்குச் சில மாதம், பாதிச் சம்பளம். மற்றொருத்திக்கு விடுப்பு உண்டு, சம்பளம் கிடையாது. மூவருக்கும் வாழ்த்து ஒன்றுதான்.

(வயிறு மட்டும் எல்லா நாட்டிலும் ஒரே கணக்கில்தான் வளர்கிறது. இது மேடைப்பேச்சு, வெட்டு என்றார் என் வீட்டுக்காரர். வெட்ட மாட்டேன்.)

இவளுக்கு இப்போது எட்டாம் மாதம். அவள் கண்களில் தாய்மையின் ஒளி... இல்லை. அவளுக்கு இடுப்பு வலி.

3

மேற்பார்வையாளராக இருக்கும் அம்மாவிடம் போய்த் தனக்கு விடுப்பு கேட்டாள்.

“நீ கான்ட்ராக்ட்மா. உனக்கு லீவு கிடையாது. வேலைய விட்டு நின்னுக்கோ, பிறகு வந்தா, இடம் இருந்தா பாக்கலாம்.”

“எப்ப வந்தா இடம் இருக்கும் மேடம்?”

“அதை நான் எப்படிச் சொல்றது? என் பொண்ணு பொறந்தப்ப பத்தே நாள்ல இந்த நாற்காலில வந்து உக்காந்தேன்.”

பெருமையாகத்தான் சொன்னார். இந்த அம்மாவை வில்லியாக்கிவிடலாம் என்று பலமுறை பார்த்தேன். அந்தப் பத்து நாள் குறுக்கே வந்து நின்றுகொள்கிறது.

4

மத்தியானம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, தன் கைபேசியிலிருந்து அதே கூடத்தின் எண்ணைக் கூப்பிட்டாள். (ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். தன்னையும் யாராவது வாழ்த்தட்டும் என்று தோன்றியிருக்கலாம்.) எடுத்தது பக்கத்து சீட்டுக்காரி. குரலிலேயே ஆள் தெரிந்துவிட்டது. ஆனால் எல்லாப் பேச்சும் பதிவாகும், முறைப்படிதான் பேச வேண்டும்.

“வாழ்த்துகள் மேடம். எந்த நாடு?”

“இதே நாடுதான். கான்ட்ராக்ட்.”

தட்டினாள். திரை வெறுமையாக இருந்தது.

அந்தக் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு தப்புச் செய்வார்கள்: முந்தைய அழைப்பின் நாட்டை மாற்ற மறந்து, அதையே வாசித்துவிடுவார்கள். சாயங்காலம் மேற்பார்வையாளர் பதிவைக் கேட்டு ‘சரி’ அழுத்திவிட்டால் தீர்ந்தது, வாசித்ததைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். ‘பிழை’ அழுத்தினால் வாசித்தவளுக்கு வேலை போகும். பக்கத்து சீட்டுக்காரி புதியவள் அல்ல. தெரிந்தேதான் திரையில் முந்தைய அழைப்பின் நாட்டுக்குத் திரும்பினாள்.

“ஒரு வருஷம் மேடம். முழுச் சம்பளம். உங்க வேலை உங்களுக்கே இருக்கும்.”

படிக்கட்டிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் பதிவானது.

5

முடிவு ஒன்று: அந்த அம்மா ‘பிழை’யை அழுத்துகிறார். இருவருக்கும் வேலை போகிறது. இப்படித்தான் நடக்கும், தெரியும். எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: தன் பத்தாம் நாளை நினைத்துக் கண்கலங்கி ‘சரி’யை அழுத்து... வேண்டாம். யாரோ ஒரு மேடத்தின் மனசு இளகினால்தான் ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருக்க முடியுமா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே அந்த அம்மாவை எழுப்பிவிட்டேன். பாவம், போய் டீ குடிக்கட்டும். நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் வந்து உட்காருங்கள். ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். பதிவு ஓடுகிறது, எதிரே இரண்டே பொத்தான்கள்.

அவள் மாடிப்படியிலிருந்து தன் சீட்டுக்குத் திரும்பிவிட்டாள். உங்களைப் பார்க்காமல் அடுத்த ஃபோனை எடுக்கிறாள்.

“வாழ்த்துகள் மேடம். எந்த நாடு?”