செத்தவீட்டில் போட்ட வரவு

கொரோனா போய்விட்டது, ஒன்லைன் வகுப்பு மட்டும் போகவில்லை. நதானியேல் சேரின் பொருளியல் வகுப்பில் நாங்கள் யாரும் கமரா போடுவதில்லை. இணைப்பை அழுத்துவோம், "வந்திட்டன் சேர்" என்று தட்டுவோம், அதோடு எங்கள் உயர்கல்வி முடிந்துவிடும். பிறகு செந்தூரன் நித்திரைக்குப் போவான். நான் நெல்லியடியில் ரியூசன் படிப்பிப்பேன். ஏ.எல். பரீட்சையை இரண்டாந்தரம் எடுக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு நேரில்தான் வகுப்பு. கண் கொஞ்சம் அங்கால் போனாலும் எனக்குக் கோபம் வரும். ஒன்லைனில் படிப்பு ஏறாது என்று பெற்றோருக்குச் சொல்லிவைத்திருப்பதும் நான்தான்.

இந்த செமெஸ்டரை எப்படி நடத்துவது என்பதை அந்தந்த விரிவுரையாளரே முடிவுசெய்யலாம் என்று கம்பஸில் சொல்லிவிட்டார்கள். நேரில் என்றால் என் ரியூசன் போச்சு. நல்லகாலம், சேருக்கு எங்களில் வெறுப்பு முற்றியிருந்தது.

"முகமில்லாத உங்களை நேரிலை பாத்து நான் என்ன செய்ய?" என்றார் வெள்ளிக்கிழமை. "உந்த ஒன்லைனிலையே கிடவுங்கோ."

அந்த மனிதரைக் கும்பிடவேண்டும் போலிருந்தது எனக்கு.

செவ்வாய்க்கிழமை வழமைபோல "வந்திட்டன் சேர்" போட்டு, போனை மேசையில் வைத்துவிட்டு வட்டிவீதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாட்டுக் கேட்டது. எடுத்துப் பார்த்தால் சவப்பெட்டி. பக்கத்தில் போதகர். இந்தப் பக்கம் கோட்டுப் போட்டபடி சேர்.

அவசரமாக வகுப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். முதல்நாளே சேர் எழுதியிருக்கிறார்: அம்மா மிரியம் காலமாகிவிட்டார், வகுப்பு இல்லை, விரும்பியவர்கள் இதே இணைப்பில் ஆராதனையில் சேரலாம். சேரின் செய்திகளை வாசிக்கிற பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. முழு வகுப்பும் வந்து வரவு போட்டிருந்தது.

மெல்ல வெளியேறுவோம் என்று நினைக்கையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு குரல். சேரின் அக்கா நிமலினி.

"தம்பி, ஆர் உவை? செத்தவீட்டுக்கு வந்து ஆராவது முகத்தை மறைச்சுக்கொண்டு நிப்பினமே?"

கலியாண வீட்டுக்குப் போகாவிட்டாலும் செத்தவீட்டில் முகம் காட்டவேண்டும். அதை மட்டும் எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒவ்வொருவராகக் கமரா போட்டோம். செந்தூரன் தலையணையோடு இருந்தான். டினேஸ் அவசரமாகச் சேட்டு மாட்டினான். என்னவென்று பார்க்க என் ரியூசன் பிள்ளைகள் பின்னால் வந்து குவிந்தார்கள். சவப்பெட்டியைக் கண்டதும் கைகட்டி நின்றார்கள்.

சேர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் வந்திட்டியள்," என்றார். "கஜானி, நீர் ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர். நான்தான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன் பிள்ளையள். இனி உந்த ஒன்லைன் வேண்டாம். திங்கள் துவக்கம் நேரிலை வாங்கோ. காலமை எட்டு மணிக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய்யில்லை, தாரை தாரையாக வந்தது. செந்தூரன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"பாவம் பிள்ளையள்," என்றார் ரொறன்ரோ அக்கா. "அம்மாவிலை எவ்வளவு பாசம்."